தனியாகப் போய்ப் பூப்படம் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்களா? (கிழக்கிலங்கை: படுவான்கரை, வாகரை, பொத்துவில் பக்கம்)

படுவான்காற்று எழுதியது:

மாரி ஓய்ந்து வெயில் பிடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு ஆண்டிலேயே நல்ல காலம் இதுதான். ஞாயிறு விடியப்புறம் மோட்டார் சைக்கிளை எடுத்து, வலையிறவுப் பாலத்தைத் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை என்று உன்னிச்சைக் குளம் வரைக்கும் போவேன். நேரே ஓடினால் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. எனக்கு உச்சி வெயில் ஆகிவிடும். வீதியோரத்துப் பூக்கள்தான் காரணம்.

அரிய பூ எதுவும் இல்லை. நீர்முள்ளி, தும்பை, தொட்டாற்சுருங்கி, மூக்குத்திப்பூண்டு, ஆவரசு, வாய்க்காலுக்குள் அல்லி. சின்ன வயதில் மிதித்துக்கொண்டு திரிந்தவைதான். ஆனால் முழங்காலை மண்ணில் ஊன்றி, கமராவைப் பூவின் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். நீர்முள்ளியின் கணுவைச் சுற்றி மஞ்சள் முள் நிற்கிற ஒழுங்கும், அந்த முள்ளுக்கு நடுவிலிருந்து ஊதாப் பூ வாயைத் திறந்துகொண்டு வருகிற விதமும் நின்றபடி பார்ப்பவனுக்குத் தெரியாது.

சொல்ல வந்தது வேறு. இந்த வேலைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் சரிவராது என்பது என் கட்சி. ஒருமுறை மச்சான் வந்தார். நல்ல மனிதர். ஒரு தும்பைக்கு முன்னால் காற்று அடங்கட்டும் என்று நான் குந்தியிருக்க, அவர் பின்னால் பேசாமல் நின்றார். "முடிஞ்சுதா?" என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கேட்காமல் நிற்கிறார் என்பது முதுகுக்குத் தெரிகிறது. அப்புறம் அந்தப் பூவைப் பார்க்க முடியவில்லை, அவருடைய பொறுமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனியாகப் போனால் எங்கே நிறுத்தினேன், ஏன் திரும்பிக் கிறுகிப் போனேன், ஏன் ஒரே பூவுக்கு அரை மணித்தியாலம் என்று யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இதைச் சொன்னால் "உனக்கு எங்களோட இருக்க ஏலாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. விளங்கப்படுத்தத்தான் தெரியவில்லை.

இங்கே இப்படித் தனியாகத் திரிகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எந்த வீதி, எந்த மாதம், என்ன பூ?

---

கல்லடிப்பாலம் எழுதியது:

பெற்றோல் விற்கிற விலைக்குத் தும்பைப்பூப் பார்க்க உன்னிச்சையா? எங்கள் வளவுக்குள் வாருங்கள். தும்பை இருக்கிறது, நாயுருவி இருக்கிறது, அரை மணித்தியாலம் என்ன, நாள் முழுக்கக் குந்தியிருங்கள். போகும்போது பிடுங்கிவிட்டுப் போனால் தேத்தண்ணியும் உண்டு.

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். களுவாஞ்சிகுடிப் பக்கம். இப்போது மகனின் பழைய கமராவோடு நானும் போகிறேன், பெரும்பாலும் மண்டூர், வெல்லாவெளிப் பக்கம். முழங்கால் மடங்காது, ஒரு சின்னப் பலகைக் கட்டை கொண்டுபோவேன்.

தம்பி, மாதத்தைக் கேட்டீர்கள், நேரத்தைக் கேட்கவில்லை. நம்முடைய பிள்ளைகள் பத்து மணிக்குப் போய் "ரீச்சர், ஒண்டுமில்லை" என்று வருவார்கள். பூவுக்கு அதனதன் நேரம் இருக்கிறது. கானாவாழையின் நீலப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்கு முன் கரைந்து ஈரமான கூழாகிவிடும். விஷ்ணுகிராந்தி, அதுதான் வெட்டைப் புல்லுக்குள் சின்னஞ்சிறிதாகக் கிடக்கிற நீலம், அதுவும் காலைப் பூ. கடற்கரை அடம்பன் விடியவே விரியும், வெயில் ஏற ஏறச் சோர்ந்து சுருளும். வெள்ளை அல்லி இரவில் விரிகிற பூ. சூரியன் ஏறிக் கொஞ்ச நேரம் வரைதான் அதன் முகம் கிடைக்கும். அது மூடுகிற நேரத்தில் நீல அல்லி திறக்கும். ஆகவே ஒரே குளத்தில் இரண்டையும் விரிந்தபடி எடுக்க ஒரு சிறு இடைவெளிதான் உண்டு. வாவிக் கரையில் கிண்ணை மரத்துப் பூ அந்தியில் விரியும். சிவப்பு நூல் நூலாக மகரந்தக் கம்பிகள். விடிந்து போனால் மரத்துக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும், மரத்தில் மொட்டைக் கிண்ணம்தான். வௌவாலுக்கும் அந்துப்பூச்சிக்கும் விரிக்கிற பூவுக்கு நம்மைப் பற்றி என்ன கவலை?

கானாவாழையைப் பற்றி இன்னும் ஒன்று. மேலே விரிகிற நீலப் பூவோடு நில்லாமல் மண்ணுக்குள்ளும் அது பூக்கும். விரியாத பூ, நிறம் கிடையாது, தன்மகரந்தச் சேர்க்கையில் உள்ளேயே காய்த்துவிடும். பூச்சி வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு விதை உறுதி. உங்கள் கமராவுக்கு எட்டுவது அந்தச் செடியின் பாதிப் பூக்கதைதான்.

கடைசியாக ஒரு கண்டிப்பு. எல்லாரும் பூவின் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு "இது என்ன ரீச்சர்?" என்கிறீர்கள். இலை எங்கே? தண்டு சதுரமா உருளையா? பூவின் முதுகு, அதாவது புல்லி எப்படி இருக்கிறது? ஒரு பூவுக்கு மூன்று படமாவது எடுங்கள்.

---

வட்டைக்காரன் எழுதியது:

சம்மாந்துறை. மூன்று தலைமுறையாக வேளாண்மை.

தம்பி குறை விளங்கக்கூடாது. நீங்கள் முழங்காலில் நின்று படம் எடுக்கிற சாமான் எனக்குக் களை. நீலமாகப் பூக்குமே கருங்குவளை, தண்ணி நிற்கிற வயலுக்குள் கொழுத்த இலையோடு, அதைப் பற்றி ஒருவர் "என்ன அழகு" என்று எழுதியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அது குடிக்கிற பசளை என் காசு.

2021ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இரசாயனப் பசளையோடு களைநாசினி, கிருமிநாசினி இறக்குமதியையும் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் விதைத்து முடிகிற கட்டம். எங்கள் வட்டையில் அந்தப் போகம் வேளாண்மை எது, களை எது என்று தெரியாது. வாப்பா வரம்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடந்தார். அப்போது என் மகள் போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, வயல் முழுக்க ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ. அந்த நேரம் அதைக் காட்டியபோது ஏசினேன். இப்போது பார்த்தால் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு போகம் இனி வரவேண்டாம்.

பூ வேண்டுமானால் வயலுக்குள் இறங்காதீர்கள், அங்கே மருந்து அடித்திருப்போம். வாய்க்கால் ஒதுக்குக் காணி, குளக்கட்டின் வெளிப்பக்கம், பாலத்தடி, அங்கே யாரும் அடிப்பதில்லை. வரம்பின் ஓரத்தில் மிதித்து உடைக்கவும் வேண்டாம். ஒரு வரம்பு உடைந்தால் தண்ணி யார் வயலுக்குப் போனது என்று இரண்டு வீட்டுக்குக் கதை நின்றுவிடும்.

---

படுவான்காற்று எழுதியது:

வட்டைக்காரன் காக்கா, வயலுக்குள் இறங்கமாட்டேன். ஒதுக்குக் காணி என்று சொன்னது பெரிய உதவி. நான் பூ கண்ட இடங்களை யோசித்துப் பார்க்கிறேன், அத்தனையும் யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஓரங்கள்தான்.

ரீச்சர், மண்ணுக்குள் பூக்கும் என்று இவ்வளவு காலமும் தெரியாது. தோண்டிப் பார்க்கட்டா?

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

உங்கள் வளவில் இருப்பதைத் தோண்டுங்கள். வீதியில் இருப்பதை விடுங்கள்.

---

தாழைமடல் எழுதியது:

"தனியாகப் போனால் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை." அண்ணா, வாசிக்க நன்றாக இருக்கிறது. நான் தம்பிலுவில். ஸ்கூட்டியில் கோமாரிப் பக்கம் போய் ஒரு பற்றைக்கு முன்னால் நிறுத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் முதல் ஆள் வருவார். "ஆரைத் தேடுறாய் புள்ள?" அவர் போக இன்னொருவர். ஓட்டோ மெதுவாகும். ஊருக்கு நான் வருமுன் செய்தி வந்துவிடும்.

ஆகவே ஒரு வழி செய்தேன். ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பெரிய பைல் கவரும் பேனையும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். அது இருந்தால் "கந்தோரால் வந்த பிள்ளை" என்று நினைத்துத் தாங்களாகவே விலகிப் போவார்கள். ஒருவர் தன்னுடைய மதில் விழுந்ததையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

அப்படி வாங்கிய தனிமை என்பதால் ருசி கூட. எனக்குப் பிடித்தது சங்கமன்கண்டிப் பக்கத்துக் கரை. இலங்கையின் கிழக்கு முனை அதுதான், விடியல் முதலில் விழுகிற மண். மணலில் அடம்பன் கொடி, அதற்கு மேல் இராவணன் மீசை, அதற்கும் மேல் தாழை. அடம்பன் பூ விரிந்திருக்கும்போது மணலோடு மணலாகப் படுத்துக்கொண்டு எடுத்தால் பூவுக்குப் பின்னால் கடல் முழுக்க ஒரு கலங்கிய நீலப் பட்டை. பூவின் தொண்டைக்குள் இன்னும் கடும் ஊதா ஒரு நட்சத்திரம் இருக்கிறது, மேலே நின்று பார்ப்பவர்கள் அதைக் காண்பதில்லை.

2004க்குப் பிறகு அம்மா கடற்கரைக்கு வருவதில்லை. கூப்பிடுவதும் இல்லை. ஆனால் படத்தைக் காட்டினால் பெரிதாக்கிப் பார்ப்பா.

---

கல்லடிப்பாலம் எழுதியது:

பைல் கவர் நல்ல யோசனை. நான் ஒரு அளவு நாடாவும் சேர்த்து வைக்கச் சொல்வேன். வீதி அகலிக்கப் போகிறார்கள் என்று பயந்து ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள்.

---

வாகனேரி எழுதியது:

எல்லாரும் கவிதையாக எழுதுகிறீர்கள். நான் யானை பற்றி எழுதுகிறேன்.

தலைப்பைத் தொடங்கிய தம்பி "விடியப்புறம்" என்று எழுதியிருக்கிறார். ஆயித்தியமலை, உன்னிச்சை, வெல்லாவெளி, எங்கள் வாகனேரி, அந்தப் பக்கம் லகுகலை, இந்த வீதிகளில் வெயில் ஏறாமல் போகக்கூடாது, பொழுது சாயமுதல் திரும்பிவிட வேண்டும். இரவு வேளாண்மைக்கு வந்த யானை விடியக் காட்டுக்குத் திரும்புகிற நேரமும், தம்பி தும்பைக்கு முன்னால் குந்துகிற நேரமும் ஒன்று. குந்தியிருக்கிற மனிதனுக்குப் பின்னால் பார்வை கிடையாது, காதில் ஹெல்மெட், கண்ணில் கமரா. இது போதும்.

நான் செய்கிறது இதுதான். நிறுத்தியதும் எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றி, கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்பேன். யானை பெரிய சத்தம் போடும் என்று நினைப்பீர்கள். மரக்கிளை முறிகிற சத்தம்தான் பல நேரம் வரும், அதுவும் ஒன்றிரண்டு. ஈரமான பிண்டம் வீதியில் கிடந்தால் நிறுத்தவே மாட்டேன். சைக்கிளை வந்த பக்கம் திருப்பி நிறுத்துவேன். பற்றைக்கு முதுகு காட்டி இருக்கமாட்டேன்.

மற்றது, வீதியை விட்டு உள்ளே இறங்குவது. 2017இல் மட்டக்களப்பைக் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டம் என்று அறிவித்தார்கள், நல்லது. அதற்காகப் பழைய முகாம் இருந்த காணி, துருப்பிடித்த முட்கம்பி கிடக்கிற பற்றை, இவற்றுக்குள் ஒரு பூவுக்காகப் போகவேண்டுமா? எங்கள் ஊர் மாட்டுக்காரர்கள் போகாத இடத்துக்கு நீங்களும் போகாதீர்கள். இப்போது முகாம் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம். பூவைத்தான் எடுத்தேன் என்று விளங்கப்படுத்த ஒரு பகல் போய்விடும்.

என் கட்சி: இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பூவைப் பார்க்க, ஒருவர் காட்டைப் பார்க்க.

---

படுவான்காற்று எழுதியது:

யானை விஷயத்தில் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. இனி ஏழு மணிக்கு முதல் பாலம் தாண்டமாட்டேன், ரீச்சரின் வெள்ளை அல்லி அதற்குள் மூடாமல் இருந்தால் சரி.

ஆனால் காவலுக்கு ஒருவர் நிற்பதென்றால் எனக்கு மச்சான் கதைதான் திரும்ப வரும். என்ன சொல்வது? ஒரு பூவை நன்றாகப் பார்ப்பதற்குக் கொஞ்சம் வெட்கம் கெட வேண்டியிருக்கிறது. மண்ணில் படுக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடிக்க வேண்டும், சில நேரம் பூவோடு பேசிவிடுகிறேன். நாற்பது தாண்டிய ஆள், பிள்ளைகள் இரண்டு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் வராது.

---

மருதமுனைத் தறி எழுதியது:

தனியா, ஆளோடா என்ற வழக்கை நீங்கள் தீருங்கள். நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பது தொழில். பூ எடுப்பது எனக்காக.

ஆவரசு, கொன்றை போன்ற மஞ்சள் பூ எடுத்தால் பலருக்கு இதழில் ஒரு கோடும் இல்லாமல் மஞ்சள் சாயம் ஊற்றிய மாதிரி வரும். கமரா பச்சை இலைகளின் வெளிச்சத்தைக் கணக்கெடுக்கிறது, மஞ்சளில் சிவப்பு அளவு மீறிப் பொங்கிவிடும். ஒளிஅளவை அரைப் படியோ ஒரு படியோ குறைத்து எடுங்கள். இலை இருண்டு வரும், பரவாயில்லை, அதைப் பிறகு ஏற்றலாம். பொங்கிப்போன மஞ்சளை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர ஏலாது.

நீலப் பூவுக்கு வேறு வியாதி. கானாவாழையும் காக்கணமும் போனில் ஊதாவாகிவிடும். வைட் பலன்ஸை ஓட்டோவில் விடாமல் வெயிலுக்கோ நிழலுக்கோ நீங்களே வைத்தால் பாதி சரியாகும்.

வெயில் ஏறிவிட்டால் பூவை விட்டுவிட்டு வராதீர்கள். வெள்ளைக் குடை ஒன்று போதும். பூவுக்கு நிழல் பிடித்தால் நிழலும் வெளிச்சமும் வெட்டுகிற கோடு போய் நிறம் மெதுவாக எழும்பும். தனியாகப் போகிறவர்களுக்குக் குடையைப் பிடிக்க மூன்றாம் கை இல்லை, காம்பைச் சைக்கிள் கைபிடியில் கட்டிவிடுங்கள்.

காற்றுக்கு மருந்து கிடையாது. இந்த மாதங்களில் வாடை விட்டுவிட்டு அடிக்கும், இடையில் பூ நிற்கும், அந்த இடைவெளியில் எடுக்கலாம். வைகாசிக்குப் பிறகு கச்சான் பிடித்தால் இடைவெளியே இல்லை, நாள் முழுக்க ஒரே இழுவை. அப்போது ஐந்நூறில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் வேகம் வைத்து, கிட்டப் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வேன். சிலர் பூவின் தண்டைக் கம்பியில் கவ்விப் பிடித்து நிறுத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆடுகிற பூ ஆடட்டும்.

---

ஏறாவூர்ப் பையன் எழுதியது:

நான் புதிது. போனில்தான். அம்பாறைக்குப் போகிற வழியில் ஒரு குளத்தில் எடுத்த படம் போட்டிருக்கிறேன். கடும் ஊதா, நடுவில் மஞ்சள். நமது தேசிய மலர் நீலோற்பலம்!

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

படம் மிக நன்றாக இருக்கிறது மகன், தண்ணீரில் விழுந்த நிழல்கூட வந்திருக்கிறது. ஆனால் இது தேசிய மலர் இல்லை.

1986இல் தேசிய மலராக அறிவித்தது நிம்பேயா நௌச்சாலி என்ற நமது நாட்டுச் செடியை. அதன் இதழ் வெளிர் நீலம், சிலவேளை வெள்ளைக்குக் கிட்ட. நீங்கள் எடுத்திருக்கிற கடும் ஊதா கண்ணைப் பறிக்கிற ஒரு கலப்பினம். அலங்காரத்துக்கு வந்து குளங்களில் பரவியது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சுவரொட்டியிலும் பாடப் படங்களிலும் நெடுங்காலம் இந்த ஊதாவைத்தான் தேசிய மலராகப் போட்டு வந்தார்கள். ஆகவே உங்களில் குறையில்லை. நானும் வகுப்பில் அந்தப் படத்தைத்தான் தொங்கவிட்டிருந்தேன்.

நாட்டு நீல அல்லி இப்போது கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் அந்தப் படம் உங்களுடைய இந்தப் படத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். எடுத்துப் போடுங்கள்.

---

வட்டைக்காரன் எழுதியது:

ரீச்சர், ஆற்றுவாழையும் அப்படித்தானே? எங்கிருந்தோ அழகுக்குக் கொண்டுவந்தது.

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

ஆம். தென் அமெரிக்கச் செடி. மேல் இதழில் மயில் கண் மாதிரி நீல வட்டமும் மஞ்சள் பொட்டும். அந்த அழகுக்காகத்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். வாவியிலும் வாய்க்காலிலும் அள்ளி அள்ளிப் போடுகிற உங்களுக்கு அதன் மறுபக்கம் தெரியும். நாயுண்ணியும் வந்தேறிதான், அது பேராதனைப் பூங்கா வழியாக நாட்டுக்குள் வந்தது. நாயுண்ணிக் கொத்தில் நடுப்பூ மஞ்சளாகவும் ஓரத்துப் பூ சிவப்பாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். புதிதாக விரிந்த பூ மஞ்சள், மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ நிறம் மாறும். வண்ணத்துப்பூச்சி மஞ்சளைத் தேடித்தான் வரும்.

---

பனிக்காலத்தான் எழுதியது:

கனடா, ஒன்ராறியோவிலிருந்து. சொந்த ஊர் மகிழடித்தீவு. மண்முனைப் பாலம் வருமுன் பாதையில் (ஆள் ஏற்றுகிற மிதவையில்) ஏறி வாவியைக் கடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை.

இங்கே நானும் இதே வேலைதான் செய்கிறேன். மே மாதம் ரொறன்ரோவை விட்டு வடக்கே காரில் போனால் காட்டோரம் முழுக்க ட்ரில்லியம். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ், வயதாக ஆக இளஞ்சிவப்பாகும். இந்த மாகாணத்தின் பூ, 1937இலிருந்து. விதையிலிருந்து முதல் பூ வர ஏழெட்டு ஆண்டு, சிலவேளை இன்னும் கூட. விதையை எறும்பு இழுத்துப்போய்ப் பரப்புகிறது. ஆகவே ஒரு காட்டுத்தரை முழுக்க வெள்ளையாக இருந்தால் அதற்குப் பின்னால் மனித ஆயுளைவிட நீளமான எறும்பு வேலை இருக்கிறது.

படுவான்காற்று கேட்கிற தனிமை இங்கே கொட்டிக் கிடக்கிறது. வீதியோரம் காரை நிறுத்தி இரண்டு மணித்தியாலம் மண்ணில் கிடந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முதலில் அது சுகமாக இருந்தது. இப்போது "ஆரைத் தேடுறாய்" என்று தாழைமடல் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன்.

---

தாழைமடல் எழுதியது:

அண்ணா, வந்தால் ஒரு கிழமை என் வீதியில் நின்று பாருங்கள். நாலாம் நாள் பைல் கவர் கேட்பீர்கள்.

---

படுவான்காற்று எழுதியது:

போன ஞாயிறு ஒரு பட்டிக்காரர் வந்தார். எருமைகளை வாய்க்காலில் இறக்கிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "இதை எடுத்து என்ன செய்யிறாய் மனே?" ஒன்றும் செய்வதில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்கு ஏற்கக்கூடியதாக இருந்தது, என் வீட்டில் அது எடுபடுவதில்லை. அப்புறம், "இந்தப் பக்கம் வா" என்று வேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பருவம் முடிகிற நேரம், இருந்தும் ஒரு கார்த்திகைப்பூக் கொடி ஒன்றிரண்டு பூவோடு வேலியில் ஏறி நின்றது. "மாட்டை இதுக்குக் கிட்ட விடமாட்டன். கிழங்கு நஞ்சு" என்றார்.

அந்த ஆள் பக்கத்தில் நின்றபோது எனக்கு வெட்கம் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, எருமையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். வாகனேரி அண்ணா சொன்ன காவல் இப்படி இருந்தால் எனக்குச் சம்மதம்.

பூவைப் பற்றி: இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருக்கிறது. ஆறு இதழும் பின்னுக்கு மடங்கி, புதிய பூ பச்சையும் மஞ்சளுமாக, பழைய பூ முழுச் சிவப்பாக. நடுவிலிருந்து சூல்தண்டு நேரே வராமல் பக்கவாட்டில் ஒடிந்து நீள்கிறது. படம் நன்றாக வந்தது. இங்கே போடலாமா என்று யோசிக்கிறேன்.

---

கல்லடிப்பாலம் எழுதியது:

போடாமல் விடுங்கள். புலிகள் தேசிய மலராக எடுத்த பூ அது. அந்தப் பூவைப் போட்டால் பத்துப் பதிவுக்குப் பிறகு இங்கே யாரும் பூவைப் பற்றிப் பேசமாட்டார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

---

பனிக்காலத்தான் எழுதியது:

அதற்காக ஒரு பூவைப் படம் எடுக்கப் பயப்பட வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

எடுக்கலாம், வைத்திருக்கலாம். போடுகிறதென்றால் பூவை மட்டும் போடுங்கள், வேலியையும் ஊரையும் போடாதீர்கள். நான் அரசியலுக்குச் சொல்லவில்லை. அந்தக் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, மருந்துக்கும் விலை உண்டு. இடம் தெரிந்தால் தோண்டுகிறவர்கள் வருவார்கள். மரத்தில் ஒட்டி வளர்கிற ஒர்கிட் எதையாவது கண்டாலும் இதே விதிதான். எங்கே என்று கேட்டால் "மட்டக்களப்பு" என்று மட்டும் சொல்லுங்கள், அது பெரிய மாவட்டம்.

---

படுவான்காற்று எழுதியது:

சரி ரீச்சர், என்னிடமே இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் ஏசுவீர்கள் என்று தெரிந்தும் கேட்கிறேன். குளக்கட்டுக்கு வெளியே தண்ணி கசிந்து நிற்கிற மணல் புல்வெளியில் ஒரு மஞ்சள் பூ. நூல் மாதிரித் தண்டு, விரல் நீளம், உச்சியில் நெல்மணி அளவில் ஒன்றிரண்டு பூ. மூன்று படம் எடுக்கச் சொன்னீர்கள். முகம் எடுத்தேன், முதுகு எடுத்தேன். இலையை எடுக்கத் தேடினால் இலையே இல்லை. பக்கத்துப் புல்லை விலக்கியும் பார்த்தேன்.

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

ஏசமாட்டேன். பூவின் பின்பக்கம் கீழ்நோக்கி ஒரு கூரான வால் இருக்கிறதா? கீழ் இதழ் நடுவில் புடைத்திருக்கிறதா?

---

படுவான்காற்று எழுதியது:

இரண்டும் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்.

---

ஓய்வுபெற்ற தாவரவியல் எழுதியது:

அப்படியென்றால் யூட்ரிகுலேரியா. பூச்சி பிடிக்கிற செடி தம்பி! மேலே அவ்வளவு அடக்கமான பூ, கீழே ஈர மண்ணுக்குள் குண்டூசித் தலையிலும் சிறிய பைகள். மண்நீரில் நீந்துகிற நுண்ணுயிர் பையின் வாய் மயிரைத் தொட்டால் கதவு திறந்து உள்ளே உறிஞ்சிவிடும். ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. சத்தில்லாத மணலில் அது பிழைக்கிற வழி அது. இலை என்று இருப்பதும் மண்ணோடு மண்ணாகத்தான், அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் தரையோடு ஒட்டிச் சிவப்பு வட்டமாக, பனித்துளி மாதிரி மின்னுகிற சின்னச் செடி ஏதாவது இருந்ததா? அழுகண்ணியும் இதே மாதிரி ஈர மணலில்தான் வரும், அதுவும் பூச்சி தின்னி. தண்ணி வற்றினால் இரண்டும் போய்விடும். உடனே போங்கள். பக்கவாட்டில் ஒரு படம், வால் தெரிய. பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்து அளவுக்கு ஒன்று.

---

வாகனேரி எழுதியது:

ஏழு மணிக்குப் பிறகு.

---

மருதமுனைத் தறி எழுதியது:

நெல்மணி அளவுப் பூ என்றால் என்னிடம் மக்ரோ லென்ஸ் இருக்கிறது. ஞாயிறு கலியாணம் ஒன்றுமில்லை. காலையில் வரட்டுமா?

---

படுவான்காற்று எழுதியது:

வாருங்கள். ஏழரைக்கு வலையிறவுப் பாலத்தடி. ஆனால் உங்களுடைய சைக்கிளில் வாருங்கள், வழியில் நான் எங்கே நிற்பேன் என்று எனக்கே தெரியாது.